ஜிப் திறக்கும் நரி

கணவனும் மனைவியுமாக ஒரு தீவில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். சாப்பாட்டுப் பையை யார் கண்ணில் படாமல் வைக்க வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? கலிபோர்னியாவை ஒட்டிய சாண்டா குரூஸ் தீவு என்றால், நரி கண்ணில்!

வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும் இந்தத் தீவு நரி. ஆனால் பையின் ஜிப்பையே திறந்துவிடும். அண்டங்காக்கையும் இதில் கில்லாடிதான். அதனால் முகாமில் உணவை வைக்கத் தனிப் பெட்டிகளே உண்டு.

பொன்னிறக் கழுகுகள் வேட்டையாடியதில் ஒரு சமயம் இந்த நரிகள் அடியோடு அழியும் நிலைக்குப் போய்விட்டன. கழுகுகளைப் பிடித்து வேறு இடத்தில் விட்டார்கள். நரிகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கித் திரும்பக் காட்டில் விட்டார்கள். 2016இல் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே சாண்டா குரூஸ் நரியின் பெயரை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு நல்ல செய்தி!