வாரம் ஒரு மாத்திரை: கருத்தடையில் புதிய முறைகள்

தென் அந்தமான் தீவின் கடற்கரைச் சிற்றூராகிய வண்டூர், 1983 இல் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயிலாகும். 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெரிய மருத்துவமனை அந்நகரிலேயே இருப்பதால், இத்தகைய ஊர்களில் கருத்தடை முறையொன்று பயன்தரக் கூடியதாக இருந்தால் மட்டும் போதாது. வீட்டு வேலைகளுக்கிடையே மறவாமல் கைக்கொள்ள எளியதாகவும் இருத்தல் வேண்டும். முறை தவறினால் அடுத்தடுத்துக் கருவுற்று, தாய் இரத்தச் சோகைக்கு ஆளாவதும், கைக்குழந்தையின் போஷணை குறைவதும் நேரக்கூடும்.

குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக உலகில் முதன்முதல் மேற்கொண்ட நாடு இந்தியா, ஆண்டு 1952. 1965 இல் ‘லூப்’ என்னும் கருப்பைச் சாதனம் திட்டத்தில் சேர்க்கப்பெற்றது. பின்னர்க் காப்பர்-டி அதன் இடத்தைப் பெற்றது. இன்று ஊழியர் எடுத்துரைக்க வேண்டிய முறைகள் பலவாகும்.

சாயா மாத்திரை

லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்த ‘சென்ட்குரோமன்’ என்னும் மருந்து 1991 இல் ‘சஹேலி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அரசுத் திட்டத்தில் அது ‘சாயா’ எனப்படுகின்றது. பிற கருத்தடை மாத்திரைகளில் உள்ளவாறு இதில் ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை. கருவைத் தாங்குவதற்கு ஏற்ற நிலையைக் கருப்பையின் உட்சுவர் அடையாதவாறு, அங்கே எஸ்ட்ரோஜனின் செயலை இது தடுக்கின்றது. சினைமுட்டை வெளிப்படுவது பொதுவாக நிற்பதில்லை. மருந்து உடலில் பல நாட்கள் தங்குவதால் நாள்தோறும் உண்ணத் தேவையில்லை.

முதல் மாத்திரையை மாதவிலக்குத் தொடங்கிய அன்றே உண்ண வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை எனக் கொள்வோமாயின், அடுத்த மாத்திரை புதன்கிழமையன்று. இவ்வாறு முதல் மூன்று மாதங்கள் ஞாயிறும் புதனும் உண்டு, நான்காம் மாதம் முதல் ஞாயிறுதோறும் ஒன்று மட்டும் உண்டால் போதும். இடையில் மாதவிலக்கு வந்தாலும் கிழமையை மாற்றலாகாது.

மறந்தால், நினைவு வந்தவுடன் உண்ண வேண்டும். தாமதம் 7 நாட்களுக்குட்பட்டதாயின் வழக்கமான கிழமைகளில் தொடர்ந்து உண்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் உபயோகிக்க வேண்டும். 7 நாட்களைக் கடந்துவிட்டால், புதிதாகத் தொடங்குவோரைப் போல மீண்டும் வாரம் இருமுறையாகத் தொடங்க வேண்டும்.

சிலருக்கு மாதவிலக்குத் தள்ளிப் போகும்; இது நோயன்று. ஆயினும் 15 நாட்களுக்கு மேல் தள்ளினால் கர்ப்பமா எனச் சோதித்தறிதல் அவசியம். பாலூட்டும் தாய்மாரும் இதனை உண்ணலாம். கருப்பையின் இருபுறமுள்ள சினைப்பைகளில் நீர்க்கட்டிகள் உள்ளோர், அண்மையில் மஞ்சட்காமாலை கண்டோர், கல்லீரல், சிறுநீரக நோயுள்ளோர், காசநோயாளர் ஆகியோர்க்கு இது ஏற்றதன்று.

பிற முறைகள்

2017 இல் ‘அந்தரா’ என்னும் பெயரில் அரசுத் திட்டத்தில் அறிமுகமான ஊசி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுவது. இது சினைமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கின்றது. உதிரப்போக்கு ஒழுங்கின்றி இருப்பதும், நாளடைவில் மாதவிலக்கு நின்றிருப்பதும் இதன் இயல்பு. ஊசியை நிறுத்திய பின் மீண்டும் கருவுற, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். இவற்றை முன்னரே சொல்லாவிடில், தாய் அஞ்சி இரண்டாம் ஊசிக்கு வாராது போவாள்.

காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகள் வரை பயன் தரும். மருத்துவமனையில் பிரசவித்த தாய்க்கு 48 மணி நேரத்திற்குள்ளாகவே இதனைப் பொருத்தலாம். தவறினால் ஆறு வாரங்கள் கழித்துப் பொருத்த வேண்டும். மேற்கையின் தோலடியில் வைக்கும் சிறு குச்சி மூன்று ஆண்டுகள் பயன் தருவது. 2023 முதல் தெரிந்தெடுத்த சில மாநிலங்களில் அரசுத் திட்டத்தின் வழியே அளிக்கப்பட்டு வருகின்றது.

ஆண்களுக்குரிய கத்தியின்றிச் செய்யும் கருத்தடைச் சிகிச்சை சில நிமிடங்களில் முடிவது. உடல் வலிமையோ ஆண்மையோ இதனால் குறைவதில்லை. ஆயினும் முதல் மூன்று மாதங்களுக்கு வேறு பாதுகாப்பு வேண்டும். அதன்பின் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லையென உறுதி செய்துகொள்ள வேண்டும். பால்வினை நோய்களினின்றும் காப்பது இம்முறைகளுள் ஆணுறை ஒன்றே.

ஊழியரின் கடமை

எம்முறையும் எல்லோர்க்கும் பொருந்துவதன்று. தாயின் உடல்நிலையையும், அடுத்த குழந்தையைப் பற்றிய அவள் விருப்பத்தையும் கேட்டறிந்து, முறைகளின் நன்மை தீமைகளை விளக்கித் தேர்வை அவளிடமே விடுதல் முறையாகும். கிழமையைக் குறித்துக் கொடுத்த ஒரு நாட்காட்டி, பலமுறை சொல்லும் அறிவுரையினும் மிக்க பயன் தரும். ஊராரின் வீண் அச்சங்களை ஆசிரியர் நீக்குவாராயின் ஊழியரின் பணி பாதி நிறைவேறியதாகும்.