எழும்பூரில் ஹாக்கி: செஞ்சியிலிருந்து இரண்டு நாள் பயணம்

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம். அதே வட்டாரத்தில்தான் அரசு அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. எல்லா வசதிக்கும் ஏற்ற லாட்ஜுகளும் அங்கேயே உண்டு. செஞ்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஹாக்கி ஆட்டம் ஒன்றை மையமாக வைத்து சனி, ஞாயிறைத் திட்டமிட்டால், நகரத்தில் அலைந்து களைக்காமல் ஒரு குடும்பம் நிறைவாகப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பயணத்தில் தேதியை ஆட்டம்தான் முடிவு செய்கிறது. எழும்பூர் அரங்கத்துக்கு வரும் ஆட்டங்கள் மூன்று வகை.

முதல் வகை பன்னாட்டுப் போட்டிகள். 1996, 2005 ஆண்டுகளில் சாம்பியன்ஸ் டிராபி இங்கே நடந்தது. 2007 ஆசியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 7-2 என்று வென்றதும் இங்கேதான். 2023 ஆகஸ்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது மலேசியா 3-1 என முன்னிலையில் இருந்தது. மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடத்தில் இந்தியா இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலால் 4-3 என்று வென்றது. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை 24 அணிகள் மோதிய ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஜெர்மனி கோப்பையை வென்றது. அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியா, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் பெற்றது.

இரண்டாவது வகை, தொழில்முறை ஆட்டமான ஹாக்கி இந்தியா லீக். 2017க்குப் பிறகு நின்றுபோயிருந்த இந்த லீக் 2024 டிசம்பர் 28 அன்று மீண்டும் தொடங்கியது. தமிழ்நாட்டின் பெயரில் ஆடும் அணி தமிழ்நாடு டிராகன்ஸ். முதல் பருவத்தில் ஆடவர் ஆட்டங்கள் வடக்கே நடந்ததால் சொந்த மண்ணில் இந்த அணியைப் பார்க்கும் வாய்ப்பு ரசிகர்களுக்குக் கிடைக்கவில்லை. 2026 ஜனவரியில் லீக் சென்னைக்கும் வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது.

மூன்றாவது வகை, எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை போன்ற அகில இந்தியப் போட்டிகள். ரயில்வே, ராணுவம், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் போன்றவற்றின் அணிகள் இவற்றில் ஆடுகின்றன. நாட்டுக்காக ஆடிய வீரர்களை இந்த அணிகளில் காணலாம். கூட்டம் குறைவு என்பதால் முன்வரிசையில் இடம் பிடிப்பது எளிது.

அட்டவணை வெளியானதும் ஆட்ட நேரத்தையும் நுழைவு முறையையும் சேர்த்தே பார்த்துவிட வேண்டும். 2025 ஜூனியர் உலகக் கோப்பைக்கு நுழைவு இலவசம். ஆனால் டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. எனவே இலவசம் என்றாலும் வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது.

போகும் வழி

செஞ்சிக்கு ரயில் கிடையாது. அருகிலுள்ள பெரிய நிலையம் 28 கிலோமீட்டரில் இருக்கும் திண்டிவனம். செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து அங்கே அடிக்கடி பஸ் உண்டு. திண்டிவனத்தில் ரயில் ஏறினால் மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக எழும்பூர். நேராக அரங்கத்தின் பக்கத்திலேயே இறங்கலாம் என்பதால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு இதுவே சிறந்த வழி. சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதுண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. தாம்பரத்தில் இறங்க நேர்ந்தாலும், கடற்கரை செல்லும் எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏறி எழும்பூரில் இறங்கிவிடலாம்.

பேருந்தில் போவதென்றால், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகச் சென்னை செல்லும் பஸ்கள் இருக்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து எழும்பூருக்கு இன்னும் சுமார் 30 கிலோமீட்டர். மாநகரப் பஸ்ஸில் தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடிப்பது சிக்கனமான வழி. கிளாம்பாக்கத்திலிருந்து அரங்கம் வரை குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

காரில் போகிறவர்களுக்குத் திண்டிவனத்துக்குப் பிறகு ஜி.எஸ்.டி. சாலை. செங்கல்பட்டு தாண்டியதும் நெரிசல் கூடும். வெள்ளிக்கிழமை மாலையில் சென்னையிலிருந்து வெளியே வரும் பக்கம் அடைத்துக்கொள்ளும். ஞாயிறு இரவில் உள்ளே போகும் பக்கம் அடைத்துக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் நகரத்துக்குள் போய் ஞாயிறு மாலையில் திரும்புகிற செஞ்சிக்காரர்கள் இந்த இரண்டு நெரிசலுக்கும் எதிர்த்திசையில் பயணம் செய்கிறார்கள்.

லீக் ஆட்டங்கள் ஜனவரியில் வந்தால் பொங்கல் கூட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. பண்டிகையை ஒட்டிய சனி, ஞாயிறுகளைத் தவிர்த்துவிடுவது இன்னும் நல்லது.

ஓர் இரவு தங்குவது

ஒரே நாளில் போய்த் திரும்பலாமே என்று தோன்றும். 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் ஒரு நாளைய ஆட்டங்கள் மாலை 4, 6.15, இரவு 8.30 என்று நடந்தன. இந்தியா ஆடியது 8.30க்கு. அது முடியும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகு கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்தால் செஞ்சி சேர விடியற்காலை ஆகிவிடும். எழும்பூர் நிலையத்தின் எதிர்ப்பக்கத்திலும் கென்னட் லேனிலும் லாட்ஜுகள் நிறைய உண்டு. அங்கே அறை எடுத்தால் ஆட்டம் முடிந்து நடந்தே வந்து படுத்துவிடலாம். சனிக்கிழமைகளில் இந்தப் பகுதி நிரம்பிவிடும் என்பதால் அறையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மைதானத்தில் கவனிக்க வேண்டியவை

ஹாக்கி 60 நிமிட ஆட்டம். 15 நிமிடமாக நான்கு பகுதிகள். இடைவேளைகளையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். களத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். நீல நிறச் செயற்கைத் தரையில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்சுவார்கள். பந்து தடையின்றி வழுக்கி ஓடுவதற்கும், விழுகிற வீரரின் தோல் உரியாமல் இருப்பதற்கும் அந்த ஈரம் உதவுகிறது. எழும்பூரில் 2023இல் போடப்பட்ட தரை, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயன்பட்ட அதே வகை.

முதன்முறை பார்க்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் பெனால்டி கார்னர். கோலைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் தடுப்பாளர் தவறு செய்தால் இது கிடைக்கும். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னே நிற்பார்கள். அவர்களில் பலர் முகக்கவசத்தை அவசரமாக மாட்டிக்கொள்வார்கள். மற்ற தடுப்பாளர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். தாக்கும் அணியில் ஒருவர் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார். வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் அதை மட்டையால் நிறுத்துவார். அடுத்த கணம் மூன்றாமவர் பந்தை மட்டையில் இழுத்துச் சுழற்றி கோலுக்குள் எறிவார். டிராக் ஃபிளிக் என்பது இதுதான். பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பாய, தடுப்பாளர் ஒருவர் அதற்கு நேராக ஓடி வருவார். இந்தத் துணிச்சலைத் தொலைக்காட்சி முழுதாகக் காட்டுவதில்லை. சிறிய பந்து திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். அரங்கத்தில் அந்த அடியின் ஓசையே உடம்பை உலுக்கும்.

தமிழ்நாட்டு வீரர்களையும் தேடிப் பார்க்கலாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் சென்னையில் வளர்ந்தவர். 2023இல் எழும்பூரில் ஆடிய இந்திய அணியில் இருந்த கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர்; கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். சிற்றூர்ப் பிள்ளைகள் நாட்டின் சீருடைவரை போக முடியும் என்பதை, உடன் வரும் பிள்ளைகள் நேரில் பார்ப்பார்கள்.

ஆட்டம் இல்லாத நேரம்

சனிக்கிழமை பகலுக்கு ஏற்ற இடம், பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி, ஞாயிறு திறந்திருக்கும். வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அமராவதிச் சிற்பங்களும் இங்கே இருக்கின்றன. மதியம் இரண்டு, மூன்று மணி நேரம் இங்கே செலவிட்டு, அறையில் சற்று ஓய்வெடுத்து, மாலையில் அரங்கத்துக்குப் போகலாம்.

ஞாயிறு காலையைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் பூங்கா நிலையத்துக்கு அடுத்தது கோட்டை நிலையம். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். 1680இல் எழுந்த தூய மரியன்னை தேவாலயமும், தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் இதனுள் இருக்கின்றன. இந்தக் கோட்டைக்கும் செஞ்சிக்கும் பழைய உறவு உண்டு. 1690இல் செஞ்சியில் இருந்து ஆண்ட மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்துதான் கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினம் கோட்டையைச் சென்னையில் இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த செஞ்சி, 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில் ஏறிப் பழகியவர்களுக்கு, அந்த வரலாற்றின் மறுபக்கம் இங்கே கிடைக்கும்.

மதிய உணவு முடித்து இரண்டு, மூன்று மணிக்குள் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு செஞ்சி வந்துவிடலாம். ஆட்டம் முதலில், அறை அடுத்தது, ரயில் அதற்கடுத்தது, மற்ற இடங்கள் கடைசியில் என்ற வரிசையில் திட்டமிட்டால் போதும். ஹாக்கிக்குத் தமிழ்நாட்டில் அரங்கங்களும் உண்டு, வீரர்களும் உண்டு. இன்னும் நிரம்ப வேண்டியது இருக்கைகள்தான். அடுத்த அட்டவணை வரும்போது பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.