வெள்ளம் வடிந்தாலும் காருக்குள் வேலை செய்யும் நீர்

2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையை கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசலில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின, கிள்ளானும் தப்பவில்லை. அந்த வெள்ளப் பருவத்தில் நாடு இழந்தது 6.1 பில்லியன் வெள்ளி என்றும், அதில் வாகனச் சேதம் மட்டும் 1 பில்லியன் வெள்ளி என்றும் மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

காரின் முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாக அடங்குவதில்லை. அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் சொந்தச் செலவில் பழுதுபார்க்க வேண்டும், அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அப்படிக் கைமாறும் கார் நன்றாகக் கழுவி, மெருகேற்றப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வரலாம். வாங்குபவர் அதை எப்படி அடையாளம் காண்பது? முதலில், நீர் காரை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

இயந்திரத்துக்குள் பிஸ்டன் காற்றையும் எரிபொருளையும் சுமார் பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்று அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும், நீர் கொடுக்காது. வெள்ளத்தில் ஓடும் கார் காற்றுக் குழாய் வழியாக நீரை உறிஞ்சிவிட்டால், மேலே வரும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நிற்கும். அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். சற்றே வளைந்த தண்டுடன் இயந்திரம் சில காலம் ஓடவும் கூடும். ஆகவே, 'இன்று ஸ்டார்ட் ஆகிறது' என்பது மட்டும் போதிய சான்று அல்ல.

இதைவிட ஏமாற்றுவது மின்கம்பிகளின் பாதிப்பு. வெள்ள நீர் சுத்தமான நீர் அல்ல. சேறும் சாக்கடையும் உப்பும் கலந்தது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். 12 வோல்ட் பேட்டரி இணைந்திருக்கும்போது, இணைப்பு முனைகளில் உள்ள செப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சை நிறப் படிவாக மாறும். மேலும், கம்பியின் மெல்லிய இழைகளுக்கு நடுவே நீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊர்ந்து செல்லும். வெளியே காய்ந்த பிறகும் உறைக்குள் ஈரமும் உப்பும் தங்கும். நம் நாட்டின் ஈரக்காற்றிலிருந்து அந்த உப்பு மீண்டும் ஈரத்தை இழுக்கும், அரிப்பு தொடரும். பழுது பல மாதங்கள் கழித்துத் தலைகாட்டுவது இதனால்தான்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒன்று உண்டு. காற்றுப்பையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டி இருக்கிறது. காருக்குள் நீர் புகுந்தால் அதுவும் விரைவில் நனைந்துவிடும். அது கெட்டிருந்தால், விபத்து நேரும்போது பை விரியாமல் போகலாம்.

இனி, பார்க்க வேண்டிய இடங்கள். கழுவியவரின் கை போகாத மூலைகளே சாட்சி சொல்லும்.

இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறையோ நீர் நின்ற கோடோ இருக்கிறதா? இருக்கைக்கு அடியில் உள்ள திருகாணிகள் துருப்பிடித்துள்ளனவா? உதிரி டயர் வைக்கும் குழியில் வண்டல் படிந்துள்ளதா? தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் கை வைத்துப் பாருங்கள். பழைய காரில் விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், அது எந்த நாற்றத்தை மறைக்கிறது என்று யோசியுங்கள்.

இயந்திர எண்ணெயின் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் கலங்கியிருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. ஆனால் புது எண்ணெய் மாற்றியிருந்தால் இது தெரியாது.

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம், விளக்கையே துண்டித்திருக்கலாம்.

ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குளிர்சாதனத்தின் வடிகுழாய் அடைத்தாலும் விரிப்பு நனையும். கடலோரம் நின்ற காரிலும் துரு ஏறும். துரு, வண்டல், நாற்றம், புது விரிப்பு என நான்கும் ஒரே உயரத்துக்குக் கீழே சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

உரிமை மாற்றத்துக்கான வாகனப் பரிசோதனையில் தேறிய கார்தானே என்று இருந்துவிடாதீர்கள். அங்கே விரிப்பைப் பிரித்து ஒவ்வொரு கம்பி முனையையும் பார்ப்பதில்லை. விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் காரை மேடையேற்றி, கணினிக் கருவியில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார் வெள்ளத்தில் மூழ்கவில்லை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறாரா? முன்பணம் கொடுக்குமுன் வேறு காரையும் பார்த்துவிடுங்கள்.