தலைவாசல் கதவு: தேக்கா, வேங்கையா, வேம்பா?

திருப்பாவையின் பதினாறாம் பாசுரத்தில் ஆயர்சிறுமியர் நந்தகோபருடைய மாளிகை வாயில்காப்போனிடம் கதவைத் திறக்குமாறு வேண்டி நிற்கின்றனர். திருமறைக்காட்டில் நாவுக்கரசர் பதிகம் பாடித் திருக்கதவைத் திறப்பித்தார். ஞானசம்பந்தர் பாடி அடைப்பித்தார். வைகுண்ட ஏகாதசி விடியலில் திருவரங்கத்துப் பரமபத வாசல் திறக்கும் கணத்திற்காகப் பனியையும் பொருட்படுத்தாது பல்லாயிரவர் காத்து நிற்கின்றனர். கதவை வெறும் பலகையாக நம் மரபு ஒருநாளும் கருதியதில்லை.

இம்மரபில் வளர்ந்த முதியோர் பலருக்கு இப்போது ஒரு சங்கடம் நேர்கிறது. திருச்சி தென்னூர் போன்ற பகுதிகளில் பழைய ஓட்டு வீடுகள் அடுக்ககங்களுக்கு இடம் விடுகின்றன. இடிக்க வருபவர் முதலில் கண் வைப்பது தலைவாசல் நிலையின் மீதுதான். வெள்ளிதோறும் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலைத் தோரணம் கட்டிய நிலை அது. பிள்ளைகளோ, புதிய வீட்டிற்குப் புதிய கதவே பொருந்தும் என்கின்றனர். விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுமுன் மரத்தைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

மரத்தின் பெயரைவிட வைரமே முக்கியம். அடிமரத்தின் நடுவே நிறம் முதிர்ந்திருக்கும் பகுதியை வைரம் என்பர். அதைச் சூழ்ந்து பட்டையை ஒட்டியிருப்பது வெள்ளை. தேக்கைக் கரையான் எளிதில் அணுகாததற்கு அதன் வைரத்தில் ஊறியுள்ள எண்ணெய்ப் பசையே காரணம். வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. தேக்கானாலும் அது உளுத்துப் போகும். மலபார் ஆட்சியர் கானலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கிய நாள் முதல் தோட்டத் தேக்கு பல நாடுகளிலும் பெருகிவிட்டது. அதில் குறையில்லை. ஆனால் இளமையிலேயே வெட்டப்படும் மரத்தில் வெள்ளை மிகுந்திருக்கும். கதவுக்குச் சாயமும் வார்னிஷும் ஏறிவிட்டால் வெள்ளையும் வைரமும் ஒரே நிறமாகத் தோன்றும். ஆகையால் மெருகேற்றுமுன் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் தயங்கினால் வேறு கடை உண்டு.

வேங்கை கனமானது, உறுதியானது. ஆனால் ஈரம் பட்டால் அதன் சாயம் கசியும். வேங்கைக் குவளையில் ஊறிய நீர் நிறம் மாறுவதைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். மழைச்சாரல் நேரே அடிக்கும் வாசலுக்கு அது ஏற்றதன்று. பலா, தஞ்சாவூர் வீணைக்கு உரிய மரம்; மஞ்சள் நிறத்தோடு அழகாக இழையும். வேம்பு பூச்சியைத் தாங்கும், விலையும் குறைவு. ஆயினும் நன்கு உலராமல் செய்த வேப்பங்கதவு ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும். அம்மன் குடியிருக்கும் மரம் என்று வேம்பை வெட்டவே தயங்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை.

திருச்சி வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். இதுவும் பெரும்பாலும் அகலவாக்கில்தான்; நீளவாக்கில் மரம் அவ்வளவாக அசைவதில்லை. பழைய தச்சர்கள் இதை அறிந்தே சட்டத்தில் காடி வெட்டி, அதற்குள் பலகையைப் பசையின்றிச் செருகினர். பலகை உள்ளே சுருங்கி விரியும். சட்டம் அசையாது நிற்கும். அந்தக் காடியைப் பெயிண்டால் அடைத்துவிட்டுப் பலகை வெடித்துவிட்டதே என்று வருந்துவது மரத்தின் பிழையன்று.

பிளஷ் கதவு வேறு வழியில் இதைச் சமாளிக்கிறது. மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் அது முறுக்குவது குறைவு. படுக்கையறைக்கு அதுவே போதும்; தேக்குக்குச் செலவழிப்பது வீண். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2202 என்ற தர எண்ணும் உள்ளனவா என்று பார்த்து வாங்கலாம். கதவின் அடி விளிம்பு வழியே நீர் ஏறினால் ஏடுகள் பிரியும் என்பதால் அவ்விளிம்பிற்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போகும் இடம் அதுதான்.

குளியலறைக் கதவு குறித்து ஒரு சொல். அது வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவை மறித்துக் கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க இயலாது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக இருந்தால் இன்னும் நலம்.

இனிப் பழைய தலைவாசல். இழைப்புளியால் ஓர் ஓரத்தில் மெல்லியதாக ஒரு சீவல் எடுக்கச் சொல்லுங்கள். பல்லாண்டுக் கருமைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடியில் பொன்னிறம் துலங்கி, தேக்கின் மணமும் எழுமானால், அதை இடிப்புக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடலாகாது. பழைய நிலைகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது, தரைக்குள் புதைந்து ஈரம் வாங்கிய கால்களின் அடிப்பகுதி மட்டுமே. அதை அறுத்து நீக்கினால் உயரம் சற்றுக் குறையும். அடுக்ககத்தில் தலைவாசலுக்கு அந்த உயரம் போதாமற் போகலாம். பூஜையறைக்குத் தாராளமாகப் போதும். கதவுப் பலகையில் துளையிட்டுச் சிறு மணிகள் கோத்துக்கொள்ளலாம். மேல்விட்டத்துக் கஜலட்சுமியின் முகத்தில் மட்டும் தச்சர் இழைப்புளி வைக்காமல், தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்து எடுப்பார்.