நீங்கள் எப்போது வந்தீர்கள்?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், பென்டிங்க் தெருவில் செருப்பு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரருக்குச் சீன முகம். பேச்சுக் கொடுக்கலாமே என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை பெங்காலியில், "சீனாவில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுவைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் இந்த ஊர்க்காரன். என் அப்பாவும் தாத்தாவும் இங்கேதான் பிறந்தார்கள். நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்றார். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்று பட்ட வெட்கம்தான் இந்த நகரத்துச் சீனர்களின் கதையைத் தேடிப் படிக்க வைத்தது.

நம் தென்மாவட்டங்களில் சர்க்கரையைச் 'சீனி' என்கிறோம். வங்காளிகளும் 'சினி' என்றே சொல்கிறார்கள். இரண்டுமே சீன தேசத்தின் பெயரையொட்டி வந்த சொற்கள். பொருத்தமாக, இங்கு முதலில் குடியேறிய சீனராகச் சொல்லப்படுபவரும் சர்க்கரை ஆலை வைத்தவர்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், அச்சியூ என்ற வணிகர் ஹூக்ளிக் கரையில், பஜ்பஜ்ஜுக்கு அருகே நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டார். சீனாவிலிருந்து ஆட்களையும் வரவழைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். சீனப் புத்தாண்டையொட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே போய், அவர் சமாதியில் ஊதுவத்தி ஏற்றி வணங்கி வருகிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் தொழில்வாரியாக நிலைகொண்டார்கள். கான்டன் பகுதிக்காரர்கள் தச்சு வேலையில் பேர் வாங்கினார்கள். ஹக்கா இனத்தவர் தோல் பதனிடுவதிலும் செருப்புத் தைப்பதிலும் இறங்கினார்கள். ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியர்கள். 'மதராஸி' என்றால் ஸ்டெனோ அல்லது அக்கவுண்டன்ட் என்று நம்மை இந்த ஊர் முத்திரை குத்தியது போலத்தான்! டாங்ராவில் சீனர்கள் கும்பிடும் ஒரு காளி கோயில் இருக்கிறது. அங்கே அம்மனுக்கு நூடுல்ஸ் நைவேத்தியம்.

இப்படி ஊரோடு ஊராகக் கலந்தவர்களுக்கு 1962இல் வந்தது சோதனை. அக்டோபர் 20 அன்று தொடங்கிய இந்திய - சீனப் போர் நவம்பர் 21 அன்று நின்றது. ஒரே மாதம். ஆனால் அதற்குள் அசாமிலும் டார்ஜிலிங், ஷில்லாங் பகுதிகளிலும் சீன வம்சாவளியினர் வீடுகளில் போலீஸ் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டது. பாட்டன் பாட்டி சீனக் குடிகளாக இருந்தாலே போதும், இங்கேயே பிறந்தவரையும் அந்நியராக நடத்தலாம் என்று அவ்வாண்டு சட்டம் வந்தது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. குழந்தைகள், கிழவர்கள் உள்பட சுமார் 3,000 பேரை ரயிலேற்றி, ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்து முகாமில் அடைத்தார்கள். அவர்களில் கடைசியாக இருந்தவர்கள் வெளியே வர 1967 ஆயிற்று. முகாமுக்குப் போகாதவர்களும் வெளியூர் போய் ஒரு நாளுக்கு மேல் தங்குவதானால் போலீஸ் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. முகாமிலிருந்தவர்களை அழைத்துப் போகச் சீனா அனுப்பிய கப்பல்கள் 1963இல் வந்து நின்றது சென்னைத் துறைமுகத்தில்தான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து போனார்கள். அதில் எத்தனையோ பேர் சீனாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. விடுதலையாகி ஊர் திரும்பியவர்களுக்கோ, பல இடங்களில் வீடும் கடையும் கைமாறிப் போயிருந்தன. பலர் பிற்பாடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பணம் காசைவிட, நடந்தது தவறு என்று அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதுதான் முகாமில் இருந்தவர்களின் முக்கியமான கோரிக்கை. அசாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி இவர்கள் கதையை 'மாகாம்' என்ற நாவலாக எழுதினார். அது வெளிவந்தது 2010இல்!

இதை நம் பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். ஆண்டுக் கணக்கும் ரேஷன் கார்டும் மட்டும் ஒருவரை உள்ளூர்க்காரர் ஆக்கிவிடுவதில்லை. நல்ல நாளில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சண்டை வரும் நாளில்தான் முகத்தையும் பேச்சையும் பார்க்கிறார்கள். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் இருந்த நம்மவர்களுக்கு இது தெரியும். 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, பெங்களூரை விட்டு ஓடிவந்த குடும்பங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அடிபட்ட நாமே அடுத்தவரைப் பார்த்து, "நீ எந்த நாடு?" என்று கூசாமல் கேட்கிறோம். நான் கேட்டேனே!

ஒரு காலத்தில் இருபதாயிரம் சீனர்கள் இருந்ததாகச் சொல்லப்படும் இந்நகரில் இன்று சில ஆயிரம் பேர்தான் மிச்சம். 1969இல் தொடங்கிய அவர்களுடைய சீன மொழி நாளிதழ் 2020இல் நின்றுபோயிற்று. அந்தச் செய்தியைப் படித்தபோது, நம் சங்க நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் பைண்டு வால்யூம்கள் நினைவுக்கு வந்தன.

நம் பிள்ளைகளை டாங்ராவுக்குச் சாப்பிட அழைத்துப் போகிறோம். போகட்டும், அந்தக் காளி கோயிலையும் காட்டுவோம். அடுத்த முறை சங்கத்தின் பிக்னிக்கை டயமண்ட் ஹார்பருக்குப் பதில் அச்சிப்பூரில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சியால்டாவிலிருந்து பஜ்பஜ்ஜுக்கு லோக்கல் ரயில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நாம், நமக்கு முன்னால் வந்த ஒருவருக்கு ஒரு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வருவோமே!