சுவர் நல்ல சுவர்தான்... ஓட்டைதான் வில்லன்!

அணுமின் நிலையத்தையே ஒரு மெழுகுவர்த்தி ஆட்டிப் படைத்த கதை தெரியுமா? ஜோக் இல்லை ஸார், நிஜமாகவே நடந்தது!

1975, மார்ச் 22. சனிக்கிழமை மத்தியானம். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கன்ட்ரோல் ரூமுக்குக் கீழே ஒரு அறை. அங்கிருந்து கட்டுக்கட்டாகக் கேபிள்கள் கான்கிரீட் சுவரைத் துளைத்துக்கொண்டு ரியாக்டர் கட்டடத்துக்குள் போகின்றன. துளை வழியாகக் காற்று கசிகிறதா என்று பார்க்கவேண்டும். எப்படி? பக்கத்தில் மெழுகுவர்த்தியைக் காட்டுவார்கள். சுடர் ஆடினால் கசிவு! துளையை அடைக்கத் திணித்ததோ, எரியக்கூடிய ஃபோம். இரண்டு நாள் முன்பே இதேபோல் ஒரு குட்டித் தீ பிடித்து, அணைத்திருந்தார்கள். அப்புறமும் அதே மெழுகுவர்த்தி!

ரியாக்டர் கட்டடத்துக்குள் காற்றழுத்தம் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வைத்திருப்பார்கள். அது சுடரை 'சர்'ரென்று துளைக்குள் இழுத்தது. ஃபோம் பற்றியது. அடித்து அணைக்கப் பார்ப்பதற்குள் நெருப்பு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஏழு மணி நேர எரிச்சல். 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் காலி. ஓடிக்கொண்டிருந்த இரண்டு ரியாக்டர்களையும் நிறுத்தினார்கள். முதல் ரியாக்டரின் அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இருப்பதை வைத்து ஆபரேட்டர்கள் எப்படியோ சமாளிக்க, கதிர்வீச்சு வெளியேறவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை.

சரி, அந்தக் கான்கிரீட் சுவர்? குத்துக்கல்லாட்டம் அப்படியேதான் நின்றது!

விஷயமே இதுதான். தீயைத் தடுப்பது வெறும் சுவர் அல்ல. சுவர், கதவு, துளை அடைப்பு, கூரையோடு சேரும் இணைப்பு எல்லாம் சேர்ந்த ஒரு டீம். பத்துப் பேர் பாய்ந்து பாய்ந்து ஃபீல்டிங் செய்து, ஒருத்தர் காலுக்கடியில் பந்தை விட்டால் பவுண்டரிதானே?

'இரண்டு மணி நேரச் சுவர்' என்கிறார்களே, அது சும்மா வாய்வார்த்தை இல்லை. சுவரை உலைக்கு முன்னால் நிறுத்தி வாட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் உலை 900 டிகிரி செல்ஷியஸைத் தாண்டிவிடும். சுவர் விழக்கூடாது, விரிசல் வழியே தீ வரக்கூடாது. அதோடு, மறுபக்கத்துச் சூடு சராசரியாக 140 டிகிரிக்கு மேல் ஏறவும் கூடாது. ஏன் என்கிறீர்களா? தீ உள்ளே வரவே வேண்டாம். சுவர் பழுக்கச் சூடானால் போதும், அதில் சாய்த்து வைத்த ஃபைல் கட்டு தானாகப் பற்றிக்கொள்ளும்!

இப்படிப் பாஸான சுவரில் அப்புறம் ஒரு பிளம்பர் வந்து பிளாஸ்டிக் பைப் விடுகிறார். தீயில் பைப் உருகி ஓடிவிடும். மிச்சம், கை நுழைகிற ஓட்டை. இதற்கென்றே பைப்பைச் சுற்றி ஒரு பட்டை போடுகிறார்கள். சூடு பட்டதும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பி, உருகும் பைப்பை நசுக்கி ஓட்டையை மூடிவிடும். கேபிளுக்கு வேறு அடைப்பு, இரும்பு பைப்புக்கு வேறு. நெருப்பில் மேல்தளம் தொய்யும் என்பதால் சுவரின் உச்சியில் இடைவெளி விட்டு, அதைத் தீப்பிடிக்காத, அமுங்கிக்கொடுக்கிற கம்பளியால் அடைக்கவேண்டும். கதவையும் நிலை, கீல், தானாக மூடும் க்ளோஸர் சகிதம்தான் டெஸ்ட் செய்கிறார்கள். அந்தக் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க நம்ம ஆபீஸ்களில் முட்டுக்கொடுக்கிற பொருள் எது தெரியுமா? தீயணைப்பு சிலிண்டர்!

போன மாதம் என் ஆபீஸில் புது நெட்வொர்க் கேபிள் இழுத்தார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றை நகர்த்திப் பார்த்தேன். ரெக்கார்ட் ரூம் சுவர், சீலிங்குக்கு நாலு விரல் மேலே போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் தளம் வரைக்கும் வெட்டவெளி! மாடிப்படிப் பக்கத்துச் சுவர் பரவாயில்லை, தளம் வரை போயிருந்தது. அதில்தான் புதுசாகத் தேங்காய் சைஸ் துளை. கேபிள் போக மீதி இடத்தில் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

"என்னப்பா இது?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டேன்.

"எலி வராம இருக்க, ஸார்" என்றார்.