மை வைப்பது இடது கையில்தான்!



தேர்தல் என்றால் அது டீக்கடையில் ஆண்கள் பேசும் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். ஆனால், காஸ் சிலிண்டர் விலை ஏறினால் கையைப் பிசைவது யார்? நாம்தானே! 2024 பார்லிமென்ட் தேர்தலுக்கு முன், மார்ச் 8 மகளிர் தினத்தன்று சிலிண்டருக்கு 100 ரூபாய் குறைத்தது மத்திய அரசு. அதே மாதம், 500 ரூபாய்க்கே தருவோம் என்று தேர்தல் அறிக்கையில் சொன்னது தி.மு.க. தேர்தல் வந்தால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது நம் சமையலறைதான்!

நான் ஏற்காட்டில் வசிக்கும் 36 வயது இல்லத்தரசி. பத்தாவது வரை படித்தவள். என் மனசு எப்போதும் சிவப்புக் கொடி பக்கம். காரணம் என் அம்மா. காபித் தோட்டத்தில் பழம் பறித்து எங்களை வளர்த்தவர். தோட்டத் தொழிலாளிக்கு வீடு, வைத்திய வசதி, கைக்குழந்தைக்குக் காப்பகம் எல்லாம் தர வேண்டும் என்று 1951-லேயே சட்டம் வந்தது. "சட்டம் காகிதத்துல இருந்துச்சு, கேட்டு வாங்கிக் கொடுத்தது சங்கம்" என்பார் அம்மா. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்த கதையும் அவர் சொல்லித்தான் தெரியும்.

இப்படிப்பட்ட எனக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்! எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி, ஜவுளி, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் சேலம். பார்லிமென்ட் தொகுதி மட்டும் கள்ளக்குறிச்சி! 2009 தேர்தலில் இருந்து இப்படித்தான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் போய், ஆத்தூரையும் தாண்டினால்தான் அந்த ஊர் வரும். 2024-ல் தி.மு.க. கூட்டணியில் கம்யூனிஸ்ட்களுக்குக் கிடைத்தது மதுரை, திண்டுக்கல், திருப்பூர், நாகப்பட்டினம் என்று நாலு தொகுதி. எங்கள் மெஷினில் கதிர் அரிவாளும் இல்லை, அரிவாள் சுத்தியலும் இல்லை!

நோட்டாவை அமுக்கி விடலாமா என்று கூட யோசித்தேன். தமிழகத்தில் அந்தப் பட்டன் முதலில் வந்ததே 2013 டிசம்பரில் நடந்த எங்கள் ஏற்காடு இடைத்தேர்தலில் தான். ஆனால், நோட்டா எத்தனை ஓட்டு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர். கோபத்தைக் காட்டலாமே தவிர, யாரையும் தடுக்க முடியாது.

எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு, மூன்று கட்சி. மாமியாருக்கு இரட்டை இலைக்கு அப்புறம்தான் வாழை இலை கூட. என் கணவருக்கு உதயசூரியன். "உன் கட்சிதான் இங்க நிக்கவே இல்லையே, அப்புறம் என்ன படபடப்பு?" என்று கேலி செய்தார்.

"கல்யாணம் நம்ம வீட்டுல இல்லேன்னாலும் சமையல் நம்ம தலையிலதானே விழுது? அதாங்க படபடப்பு. ஒண்ணு கவனிச்சீங்களா? எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும், மை வைக்க இடது கையைத்தானே நீட்டணும்!" என்றேன். மாமியாரே சிரித்து விட்டார்.

யாருக்குப் போட்டேன் என்பது, அந்தச் சீட்டு கண்ணில் தெரிந்த ஏழு விநாடிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டு, ஜூன் 4-ல் எண்ணும் வரை 46 நாள் காத்திருப்பு! போட்டு வைத்த மாங்காய் ஊறுகாய் ஊறி, பாதி ஜாடி காலியும் ஆகி விட்டது. ரிசல்ட் வந்தபோது தமிழகத்தின் 39 தொகுதியும் அந்தக் கூட்டணிக்கே. நாலு கம்யூனிஸ்ட்களும் ஜெயித்தார்கள். பாயசம் வைத்தேன்.

ஆனால், நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் மார்க்சிஸ்ட் 4, இந்திய கம்யூனிஸ்ட் 2, பீகாரில் எம்.எல். கட்சி 2, ஆக எட்டுப் பேர்தான். 2004-ல் மார்க்சிஸ்ட் மட்டும் 43, இந்திய கம்யூனிஸ்ட் 10! வெளியில் இருந்து அவர்கள் ஆதரவு கொடுத்த அந்தக் காலத்தில்தான் 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டமும், 2006-ல் வன உரிமைச் சட்டமும் வந்தன. பரம்பரையாய் உழுது வரும் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்க, எங்கள் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் போன்றவர்களுக்கு வழி திறந்தது அந்தச் சட்டம்தான். எண்ணிக்கை குறைந்தால் கேட்கும் குரலும் குறையுமே என்பதுதான் என் கவலை.

என் கட்சிக்காரர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஜெயித்த எட்டுப் பேரில் ஒரு பெண் கூட இல்லையே! 1996-ல் வந்த மகளிர் இட ஒதுக்கீடு மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்திய கம்யூனிஸ்ட் எம்.பி. கீதா முகர்ஜி. அந்தக் கட்சிகளிலேயே இந்த நிலை. 2024-ல் மொத்தம் 543 பேரில் பெண்கள் 74 பேர்தான். 2023-ல் 33 சதவீதச் சட்டத்தை நிறைவேற்றிய போதும், மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்றுதான் எழுதினார்கள்.

எனவே சகோதரிகளே, எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அது உங்கள் இஷ்டம். வீட்டில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள் என்று போடாதீர்கள். அடுத்த முறை வாசலில் கை கூப்பி நிற்பவரிடம், "உங்க கட்சியில எத்தனை பொம்பளைங்களை நிறுத்தியிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆரத்தித் தட்டைக் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம்!

— ஒரு வாசகி, ஏற்காடு.